இரட்டை வாய்க் கோடரியில் இரண்டு எழுத்து

இரும்பைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவான் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் கேட்டு வாங்கவில்லை. பினாங்கில் கிடங்குத் தெருவில் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் இருபத்தொரு வருஷம் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்த்தேன். கப்பலில் வந்த பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, எது எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று பெட்டியின் மேல் மையால் எழுத வேண்டும். மண்வெட்டி, கடப்பாரை, கோடரி, ரம்பம், ஆணி, கம்பி. இருபத்தொரு வருஷம் இதையே பார்த்தால் எவனுக்கும் கொஞ்சம் தெரிந்துபோகும். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லக் கூடாது. வேறு நல்ல வேலை கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரம் பார்த்து யாராவது ஒரு துருப்பிடித்த வெட்டுக்கத்தியோடு வந்து நிற்பார்கள். "அண்ணே, இது சீமைச் சரக்கா, ஜெர்மன் சரக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க லா" என்பார்கள். கத்தியை வாங்கி, திருப்பிப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். முகம் கொடுத்துப் பேச மாட்டேன். அப்படியும் வருவது நிற்கவில்லை. அந்த வயதில் எனக்கு எப்போதும் ஓர் அசதி இருந்தது. காலையில் எழும்போதே இருக்கும். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். அதைக் கேட்டபோது இன்னும் அசதியாக இருந்தது.

இரட்டை வாய்க் கோடரி என்னிடம் வந்து சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். பெரிய சண்டை, அந்த முதல் உலக யுத்தம், முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும்.

அதைக் கொண்டுவந்தவள் எனக்குத் தினமும் காலையில் ஆப்பம் போடுகிறவள். கடைத்தெரு முனையில் ஒரு பழைய கட்டடத்தின் சுவரோரம் அடுப்பு வைத்திருந்தாள். என் குடும்பம் ஊரில் இருந்தது. காலைச் சாப்பாடு எனக்கு அவள் கையால்தான், ஐந்து வருஷமாக. அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஆனால் ஐந்து வருஷம் ஒருவர் கையால் சாப்பிட்டால் பேசாமலே சில விஷயம் தெரியும். அவள் புருஷன் படகுத்துறையில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவன். கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றி வரும் படகு அது. துறையில் வேலை குறைந்துபோனபோது அவன் தண்ணீருக்கு அந்தப் பக்கம், சுமத்ராவில் இருக்கும் டெலிச் சீமைக்குக் காடு வெட்டப் போனான். அங்கே ரப்பர் வைப்பதற்காகக் காட்டை அழித்துக்கொண்டிருந்தார்கள். போய் இரண்டு வருஷம். முதல் வருஷம் கப்பல் ஆட்கள் மூலமாக இரண்டு தடவை சேதி வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

ஒருநாள் காலையில் அவள் அடுப்பு எரியவில்லை. அன்று மத்தியானம் கம்பெனி வாசலில் வந்து நின்றாள். கூடவே துறையின் தண்டல் வந்திருந்தார். தண்டல் என்றால் படகு ஆட்களுக்குத் தலைவர். அவர் கையில் ஒரு கோணி மூட்டை. பிரித்து என் மேசை மேலேயே வைத்தார். ஒரு கம்பளி, ஒரு தகரப் புகையிலைப் பெட்டி, ஒரு கோடரி. கோணியில் ஓர் அட்டைத் துண்டு கட்டியிருந்தது. அதில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது: செத்தவன் சாமான், பினாங்குத் துறை.

"கப்பல்ல குடுத்துட்டுப் போயிட்டாங்க, கிராணி. கேக்குறதுக்குள்ள கப்பல் ரங்கூனுக்குக் கெளம்பிருச்சு" என்றார் தண்டல். "போர்னியோவுல சந்தக்கான்ல ஏறி, சிங்கப்பூர் வந்து, டெலியத் தொட்டுட்டு வந்த கப்பல். மூட்டை எங்க ஏறுனதுன்னு யாருக்கும் தெரியல. நம்ம துறையிலேருந்து போர்னியோவுக்கு ரெண்டு பேரு போனானுங்க, அவனுங்களுக்குக் குடும்பம் இங்க இல்ல. டெலிக்குப் போனது இவ வீட்டுக்காரன் ஒருத்தன்தான். இந்தக் கோடரி எந்த ஊருதுன்னு பாத்துச் சொல்லு. டெலின்னா அவன். போர்னியோன்னா வேற எவனோ. அவ்வளவுதான் கேள்வி."

அவ்வளவுதான் கேள்வி என்று அவர் சொன்னவிதம் எனக்கு எரிச்சலைக் கொடுத்தது. டெலியில் நூறு தோட்டம் இருக்கும். அவன் எந்தத் தோட்டம் என்று இவளுக்குத் தெரியாது. ஆகவே எழுதிக் கேட்க வழியில்லை. எல்லாம் சுற்றி வளைத்து ஓர் இரும்புத் துண்டின் மேல் வந்து நிற்கிறது, அங்கிருந்து என் தலை மேல்.

அவள் கம்பளியைத் தொட்டுப் பார்த்தாள். "இது நான் குடுத்து விட்டது இல்ல. அவரு பொயலப் பெட்டி வச்சிக்க மாட்டாரு, வெத்தலதான் போடுவாரு" என்றாள். பிறகு கோடரியைப் பார்த்தாள், தொடவில்லை. "அவரு கோடரி புடிச்சி நான் பாத்ததே இல்லண்ணே. அவருக்குத் துடுப்புதான் தெரியும்."

தண்டல் வேறு பக்கம் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எல்லாரும் கழுத்துல கெடக்குறதக் கழட்டச் சொல்றாங்க. தெரிஞ்சவங்க ஒருத்தரு ஒரு வார்த்த சொல்லட்டும்னு நிக்கிறேன். நீங்க சொன்னா கழட்டிடுறேன், கிராணி அண்ணே."

வீட்டுக்குப் போ, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் போன பிறகு எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. ஒரு பெண்ணின் தாலியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவா என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அந்த அட்டைத் துண்டைப் பார்த்துக் கேட்டேன். பக்கத்து மேசைக்காரர் தலையை நிமிர்த்திவிட்டுக் குனிந்துகொண்டார்.

கோடரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் அது அபூர்வம். மலாய்க்காரர்கள் பெலியோங் என்று சின்னதாக ஒரு கோடரி வைத்திருப்பார்கள். தோட்டத்துக்குப் போகிற சீமைக் கோடரிக்கு ஒரு பக்கம் வாய், மறுபக்கம் மொட்டை. இதற்கு இரண்டு பக்கமும் வாய். ஒரு வாயைக் கூராக வைத்து மரத்தில் இறக்குவார்கள். மற்றதைக் கொஞ்சம் தடிப்பாக விட்டு வேரிலும் முடிச்சிலும் போடுவார்கள். கையைத் திருப்பினால் போதும், நின்று தீட்ட வேண்டியதில்லை. இந்தக் கோடரியில் கூர்வாய் அரம் பட்டுப் பட்டுத் தேய்ந்து விரல் அகலம் உள்ளே போயிருந்தது. வேர்வாய் மண்ணையும் கல்லையும் கடித்துப் பல் பல்லாக உடைந்திருந்தது. இதை வைத்திருந்தவனுக்கு ஓய்வே இருந்திருக்காது என்று நினைத்தேன். அந்த ஒரு விஷயத்தில் அவன்மேல் எனக்கு ஒட்டுதல் உண்டாயிற்று.

மண்ணெண்ணெயில் ஊற வைத்தேன். தேங்காய் நாரையும் சாம்பலையும் போட்டுத் தேய்த்தேன். தினமும் கடைசிப் பெட்டி போன பிறகு அரைமணி நேரம். மூன்றாம் நாள் ஒரு கன்னத்தில் முத்திரை தெரிய ஆரம்பித்தது. சாக்கட்டியைத் தேய்த்துத் துடைத்தால் எழுத்துப் பள்ளத்தில் வெள்ளை நிற்கும். உத்தரவாதமுள்ள வார்ப்பு எஃகு என்று இங்கிலீஷில் பாதி வரி. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து அதுதான் செய்தவன் பெயர் என்றார். உத்தரவாதம் என்று உலகத்தில் எல்லாரும்தான் அடிக்கிறார்கள், அது யாருடைய பெயரும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு மேலே, துரு தின்ற இடத்தில், ஒல்லியாக ஒரு கோடும் அதன் அடியில் மூன்று விரலும் இருந்தன. ஏதோ பறவையின் கால்.

மாடியில் எங்கள் கம்பெனி வெள்ளைக்காரத் துரையின் அலமாரியில் பழைய விலைப் புத்தகங்கள் இருந்தன. சாமான்களின் படமும் முத்திரையும் போட்டு வெளிநாட்டுக் கம்பெனிகள் அனுப்பும் தடிப் புத்தகங்கள். அவர் டீ குடிக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக இறக்கிப் புரட்டினேன். ஆறாம் நாள் அகப்பட்டது. ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. அமெரிக்காவில் ஓர் ஆற்றோரத்துப் பட்டறை. கோடரியைத் தவிர வேறு எதுவும் செய்யாதவர்கள். தோளின் வளைவு, காம்புத் துளையின் நீளம், எல்லாம் படத்தோடு ஒத்துப்போயிற்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெகு நாளைக்குப் பிறகு வந்த சந்தோஷம். துரையிடம்கூடக் காட்டினேன். அவர் "ம்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை நகர்த்தினார்.

செய்தவன் தெரிந்துவிட்டான். ஆனால் அது போதாது. அந்தப் பட்டறைச் சரக்கு போர்னியோவில் மரம் வெட்டும் முகாம்களுக்கும் போயிற்று, டெலியில் அமெரிக்கர்கள் திறந்த ரப்பர்த் தோட்டங்களுக்கும் போயிற்று. வாங்கியவன் யார் என்று தெரிய வேண்டும். அதற்கும் ஒரு தடயம் இருந்தது. காம்புத் துளைக்குப் பக்கத்தில் உளியால் வெட்டிய இரண்டு எழுத்து. யு, எல். அதன் பக்கத்தில் உளி வழுக்கியதுபோல் சாய்வாக ஒரு கீறல்.

கம்பெனிகள் தங்கள் சாமான் வேறு முகாமுக்குப் போய்விடாமல் இருக்க முதல் எழுத்துகளைப் பொறித்து வைப்பது வழக்கம். எங்களிடம் பெட்டி அடையாளங்களின் பேரேடு ஒன்று இருந்தது. எந்தப் பெட்டியில் எந்தக் குறி இருந்தால் யாருடையது என்று அதில் பார்க்கலாம். டெலித் தோட்டங்களின் பக்கம் முழுக்கத் தேடினேன். யு எல் இல்லை. போர்னியோப் பக்கத்தில் இருந்தது. ஒரு முக்கோணத்துக்குள் யு எல், வடக்கே ஒரு மரக் கம்பெனியின் குறி.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. கோடரியில் முக்கோணம் இல்லை. அதோடு, கம்பெனி பொறித்தால் அச்சு வைத்து ஒரே அடியாக அடிப்பார்கள், எழுத்து ஒரே ஆழமாக இருக்கும். இது கோணலும் மாணலுமாக, ஒரு கோடு ஆழமாகவும் ஒரு கோடு மேலாகவும் இருந்தது. தனி ஆள் உட்கார்ந்து வெட்டியது. எனக்கு அது தெரிந்தது. பிடியும் பெட்டியில் வந்த பிடி இல்லை, உள்ளூர் மரத்தில் செதுக்கியது. அடிப்பக்கம் உருண்டு தடித்து, உள்ளங்கைக்கு அடக்கமாக இருந்தது. கோடரிப் பிடியை யாரும் அப்படிச் செய்வதில்லை. பிடி உள்ளூர் மரம் என்று ஒரு சீட்டில் எழுதிவைத்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

ஏன் விட்டேன் என்று பிற்பாடு பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அவளுக்கு நல்ல சேதி சொல்ல ஆசைப்பட்டேன் என்று சொன்னால் எனக்குக் கௌரவமாக இருக்கும். உண்மை அது இல்லை. ஒன்பது நாள் ஆகிவிட்டது. ஈப்போவுக்குப் போக வேண்டிய அறுபது பெட்டி காத்துக்கிடந்தது. முடிந்தால் போதும் என்று இருந்தது.

மறுநாள் காலை அவளிடம் போய்ச் சொன்னேன்.

"இது போர்னியோக் கோடரி, தங்கச்சி. டெலி இல்ல."

அவள் கரண்டியை மாவுச் சட்டியில் வைத்துவிட்டு முட்டிமேல் முகத்தை வைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப யாரோ" என்றாள்.

"யாரோதான்."

"பாவம். அவரு பொம்பளைக்கு யாரு சொல்லுவா?"

கோடரியை வந்து எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். யாரோ செத்தவர் சாமானை வீட்டில் வைக்கக் கூடாது, கம்பெனியிலேயே கிடக்கட்டும் என்றாள். கம்பளியையும் புகையிலைப் பெட்டியையும் மட்டும் ஒரு வயசான பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்டாள்.

அதற்கு மறுநாள் நான் போய் உட்கார்ந்தபோது முதல் ஆப்பம் வெந்திருந்தது. கையை நீட்டினேன். அவள் அதை எனக்குப் போடாமல் எழுந்து போய்ச் சுவர் மேல் வைத்துக் காக்காயைக் கூப்பிட்டாள்.

"அந்த மகராசனுக்கு யாரும் வச்சிருக்க மாட்டாங்க. ஊரு பேரு தெரியாம போயிட்டாரு. சேதி நம்ம கைக்குத்தான வந்துச்சி. மொத ஆப்பம் அவருக்கு இருக்கட்டும்."

"காக்காய்க்கு முதல், கிராணிக்கு ரெண்டாவதா?"

"நீங்க உசுரோடதான இருக்கீங்க. செத்த பொறுத்துக்குவீங்க."

மூன்று மாசம் அப்படி நடந்தது. ஒருநாள்கூட அவள் மறக்கவில்லை. காக்காய் எனக்கு முன்பே வந்து சுவரில் காத்திருக்கப் பழகிவிட்டது. அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. முடிச்சுப் போட்ட தலையில் பூ ஏறியது. புருஷனுக்குப் பிடித்த பலகாரம் எது, அவனுக்குக் கோபம் வந்தால் எந்தக் காதைத் தடவிக்கொள்வான், எல்லாம் எனக்குச் சொன்னாள். நான் பாதி காதில் வாங்கினேன். ஊரில் இருந்த மாமியாருக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன். உங்கள் மகன் டெலியில் சுகமாக இருக்கிறார், யாரும் சொல்வதை நம்ப வேண்டாம், கம்பெனிக் கிராணி நன்றாக விசாரித்துச் சொல்லிவிட்டார் என்று அவள் சொல்லச் சொல்ல என் கையெழுத்தில்தான் போயிற்று. விசாரித்து என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு ஓடிற்று.

தைப்பூசம் நெருங்கியது. தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தாள். அதற்குப் பத்து நாள் இருக்கையில் வீட்டில் இருந்த பாத்திரம் பண்டமெல்லாம் துலக்கிப்போட்டாள். அன்று காலை நான் போனபோது ஆப்பச்சட்டியின் பித்தளை மூடி தங்கமாக மின்னிக்கொண்டிருந்தது. ஐந்து வருஷமும் அதை நான் கரி பிடித்த கறுப்பு மூடியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

"புளி போட்டுத் தேச்சேன். அவரு வந்து பாத்தா அவருக்கே அடையாளந் தெரியாது" என்றாள்.

மூடியை எடுத்து எனக்கு முன்னால் இருந்த பலகையில் வைத்துவிட்டு ஆப்பத்தின் ஓரத்தைக் கிளப்பினாள். மூடியின் விளிம்பில் எழுத்து வெட்டியிருந்தது. முதலில் பார்த்தபோது யு எல் என்றுதான் என் கண் படித்தது. கோடரி எழுத்து இங்கே எப்படி வந்தது என்று குனிந்தேன். யு எல், பக்கத்தில் சாய்வாக ஒரு கீறல். பித்தளை மூடியில் எந்தக் கம்பெனி வந்து யு எல் என்று பொறிக்கும்? அப்போதுதான் என் கண் தமிழுக்குத் திரும்பியது. ப. ட.

"இது என்ன தங்கச்சி, இந்த எழுத்து?"

"அதுவா? அவரு வெட்டுனது. தண்ணிக் கொழாய்ல எல்லாரு பாத்திரமும் ஒண்ணாக் கெடக்குமா, மாறிப் போயிரும்னு. பேரு வெட்டத் தெரியல அவருக்கு. தொறையில அவரப் படகுன்னுதான் கூப்புடுவாங்க. அதையே வெட்டுறேன்னு உக்காந்தாரு. மொத ரெண்டு எழுத்து நேர்க்கோடு, வந்துருச்சி. மூணாவது எழுத்து வளைஞ்சி வளைஞ்சி வருதாமே, உளி வழுக்கிருச்சி. போதும் போன்னு வச்சிட்டாரு." சிரித்தாள். "எனக்கு எழுத்துத் தெரியாது. அந்த இழுப்ப வச்சித்தான் என் மூடின்னு எடுப்பேன்."

ஆப்பம் இலையில் கிடந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

கம்பெனிக்குப் போய்க் கோடரியைத் தேடி எடுத்தேன். ஆணிப் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்தது. மறுபடி சாக்கட்டி தேய்த்தேன். ப, ட, அதே சாய்வில் அதே கீறல். பாத்திரத்தில் பெயர் வெட்டாத தமிழ் வீடு உண்டா? நான் தினமும் தண்ணீர் குடித்த செம்பிலேயே என் அப்பா பெயர் வெட்டியிருந்தது. இரும்பு என்றால் இங்கிலீஷ்தான் பேசும் என்று இந்த மண்டைக்குள் இருபத்தொரு வருஷமாக ஏறிக் கிடந்தது. கொக்கின் காலைக் கண்டுபிடித்தவனுக்குத் தன் சொந்த எழுத்து தெரியவில்லை. பிறகு பிடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உருண்டு தடித்த அடி. துறையில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அது துடுப்பின் பிடி. கோடரி பிடிக்கத் தெரியாதவன் தன் கைக்குப் பழகிய பிடியைச் செதுக்கி மாட்டியிருக்கிறான். இதைத்தான் உள்ளூர் மரம் என்று சீட்டில் எழுதியிருந்தேன்.

மூன்று நாள் வேறு தெரு வழியாக வேலைக்குப் போனேன். ஒரு காப்பிக்கடையில் காய்ந்த ரொட்டி தின்றேன். தைப்பூசம் கழியட்டும், பிறகு சொல்லலாம் என்று ஒரு நினைப்பு. சொல்லவே வேண்டாம், அவள் காத்திருந்துவிட்டுப் போகட்டும், ஊரில் எத்தனை பேர் காத்திருக்கவில்லை என்று இன்னொரு நினைப்பு. இரண்டாவது நினைப்புத்தான் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அதனாலேயே அதன்மேல் சந்தேகம் வந்தது. முன்பும் அப்படித்தானே வசதியானதைச் சொல்லித் தொலைத்தேன். அவள் என் பொய்யைப் பாலாக்கித் தலையில் சுமந்துகொண்டு மலை ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

நாலாம் நாள் கோடரியைக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, சாப்பிட வருகிறவர்கள் எல்லாம் போன பிறகு போனேன். அவள் அடுப்பைத் தணித்துக்கொண்டிருந்தாள்.

"வயிறு சரியாச்சா, கிராணி அண்ணே? மூணு நாளா ஆளையே காணும்."

கோடரியைப் பலகையில் வைத்தேன். மூடியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அவள் இரண்டையும் பார்த்தாள். விரலை மூடியின் கீறலில் வைத்தாள். பிறகு அதே விரலைக் கோடரியின் கீறலில் வைத்தாள். திரும்ப மூடிக்குக் கொண்டுபோனாள்.

"நீங்க போர்னியோன்னு சொன்னீங்க."

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன், தங்கச்சி."

"நல்லாப் பாத்துத்தான சொன்னீங்க?"

"இல்ல. நல்லாப் பாக்கல. அசதியா இருந்துச்சி. முடிச்சாப் போதும்னு சொல்லிட்டேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கோடரியின் பிடியை இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்தாள். அடிப்பக்கத்து உருண்டையை உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"துடுப்புப் புடி மாதிரியே செஞ்சி வச்சிருக்காரு" என்றாள். நான் ஒன்பது நாள் பார்த்தும் தெரியாதது அவளுக்குக் கையில் எடுத்ததும் தெரிந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. அழ வேண்டியதை மூன்று மாசத்துக்கு முன்னால் தப்பான நாளில் அழுது முடித்துவிட்டாள். தெருவில் ரிக்‌ஷாக்கள் போய்க்கொண்டிருந்தன. சுவர் மேல் அந்தக் காக்காய் வந்து உட்கார்ந்து காலையில் தின்ற இடத்தைக் கொத்திப் பார்த்தது. அவள் தலையை நிமிர்த்தி அதைப் பார்த்தாள்.

"மொத ஆப்பம் வச்சேனே அண்ணே. மூணு மாசமா. ஒரு நாளும் விடல."

"ஆமா."

"யாரோன்னு நெனச்சி வச்சேன். அவருக்குத்தான் போயிருக்கு. அப்ப அவரு பசியோட இருக்கல."

நான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். அந்தத் தெருமுனையில், பட்டப்பகலில், நாற்பது வயசு ஆள் அழுததை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாது.

எழுந்து போகும்போது அவள் கூப்பிட்டாள். மாமியாருக்கு இன்னொரு காயிதம் எழுத வேண்டும், நீங்கள்தான் எழுத வேண்டும், உங்கள் கையெழுத்துத்தான் அவர்களுக்குத் தெரியும் என்றாள். அன்று சாயங்காலமே எழுதினேன். முதல் கடிதத்துக்கு எழுதிய நேரத்தைவிடக் குறைந்த நேரம்தான் ஆயிற்று. கிராணி தப்பாகச் சொல்லிவிட்டார் என்று எழுத வேண்டாம் என்று அவள் சொன்னாள். நான் அதையும் எழுதினேன்.

கோடரியை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அந்த வருஷம் பால்குடம் எடுக்கவில்லை. பதினாறு நாள் கழித்துத்தான் மறுபடியும் கடைத்தெரு முனையில் அடுப்புப் புகைந்தது. அந்த வழியாகப் போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன், கால் போய்விட்டது. பலகையில் உட்கார்ந்தேன். அவள் முதல் ஆப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்ச் சுவர் மேல் வைத்தாள். காக்காயைக் கூப்பிடவில்லை, அது ஏற்கெனவே வந்திருந்தது. திரும்பி வந்து இரண்டாவதை என் இலையில் போட்டாள். அவள் கழுத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.